மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கேள்வி

அவளைத் தெருவில் எல்லோரும் கைகாரி என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்டிக்காரி என்ற பொருளில் யாரோ ஆரம்பித்துவைத்த பெயர். ஆனால் அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. வாயால் முதல் சொல் சொல்வதற்குப் பல மாதம் முன்பே, தொட்டிலில் கிடந்தபடி விரலை மடக்கி விரித்துப் பால் கேட்டவள் அவள்.

அப்பா ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டினார். அந்த இரைச்சல் தாங்காமல் மற்ற தொழிலாளிகள் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். "எனக்கு அந்தப் பஞ்சு மிச்சம்" என்று கையால் சொல்லிவிட்டு அப்பா தோள் குலுங்கச் சிரிப்பார். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தாள். கடை, மருத்துவமனை, வங்கி என்று எங்கே போனாலும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பேச வேண்டியவள் சின்னப் பெண்தான்.

அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்று கத்தினார். "குழாயை ஒழுங்கா மூடத் தெரியாதா? காதுதான் இல்ல, கண்ணுமா இல்ல?" என்றார். கைகாரி அம்மாவின் பக்கம் திரும்பி, "குழாயைக் கொஞ்சம் கவனமா மூடச் சொல்றார்" என்று சைகையில் சொன்னாள். அவர் போகும்வரை அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மகளை எதிரே உட்காரவைத்தாள்.

"உன் கை சர்க்கரை போடுது. அவர் மூஞ்சி அப்படி இல்லையே. அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லு. கோபப்படலாமா வேண்டாமான்னு நான் பார்த்துக்கிறேன்."

வளர்ந்து, சைகை மொழிபெயர்ப்பாளராக முறைப்படி படித்துச் சான்றிதழ் வாங்கியபோது, வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் விதியும் இதுதான். கூட்டாதே, குறைக்காதே. பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். அவள் நீதிமன்றத்தில் பத்து வருடம் வேலை பார்த்தாள். பிரசவ அறையில் ஒரு தாய்க்கு, "இன்னும் ஒரு தடவை முக்குங்க" என்று கையால் சொல்லிச் சொல்லி மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பெற்றோர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். முப்பத்தாறு வயதில்தான் பல்கலைக்கழக வேலை வந்தது.

சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. வகுப்புகளில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கைகாரியை அமர்த்தினார்கள். முதல் வாரமே அந்த மாணவி கேட்டாள்: "வகுப்பு மட்டும் போதுமா? புதன்கிழமை கூட்டத்துக்கும் நான் வரணும்."

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெரிய அரங்கில் ஒரு சொற்பொழிவு நடக்கும். சுற்றுச்சூழல், ஆற்றல், காலநிலை. ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம். நடத்துபவர் ஒரு பேராசிரியை. சைக்கிளில் வருவார். பல நாள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே மேடையேறி வரவேற்புரை சொல்வார். மாணவி கேட்டதும், "அட, இது நமக்கே தோணியிருக்கணும்" என்று மேடையின் இடது பக்கம் தனி விளக்கு ஒன்று போடச் சொல்லிவிட்டார். அந்த விளக்கின் கீழ், கைகள் பளிச்சென்று தெரிவதற்காகக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கைகாரி நின்றாள்.

முதல் சொற்பொழிவு அவளைக் கவிழ்த்தது. நீதிமன்றச் சொல் எல்லாம் கைக்குள் இருந்தது. ஆனால் பேச வந்தவர் பசுமை இல்ல வாயு, உமிழ்வு, மின்தொகுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். சைகை இல்லாத சொல்லை விரலால் எழுத்துக் கூட்டித்தான் காட்ட வேண்டும். ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டியிருந்தார். வேறு வழியில்லாமல் 'பச்சை', 'வீடு', 'கேஸ்' என்று மூன்று சைகையைச் சேர்த்துத் தள்ளினாள்.

கூட்டம் முடிந்ததும் மாணவி நேராக அவளிடம் வந்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். பச்சை பெயிண்ட் அடிச்ச வீட்டுல கேஸ் லீக் ஆனா உலகம் எப்படிச் சூடாகும்?"

இருவரும் அரங்கத்தின் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபிறகு கைகாரிக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் நின்று கை வீசியும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவியைத் தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சொல்லுக்குச் சைகை உண்டாக்குவது தன் வேலை அல்ல, அந்த மொழியிலேயே வாழ்கிறவர்களின் வேலை என்று அவளுக்குத் தெரியும். அப்பா தன் நண்பரான ரொட்டிக்கடைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். அவருக்கும் காது கேட்காது. வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய பன் கொண்டுவருவார்.

மாணவி விஷயத்தை விளக்கினாள். சூரியனிலிருந்து வெப்பம் வருகிறது, பூமி அதைத் திருப்பி அனுப்புகிறது, சில வாயுக்கள் அதைப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இடது கையை முட்டியாகப் பிடித்தார். அது பூமி. வலது உள்ளங்கையை அதன் மேல் வளைத்து மூடினார். முட்டியின் விரல்கள் வெளியே வரப் பார்த்து, மேலே இருக்கும் கையில் முட்டிக்கொண்டு திரும்பி உள்ளே போயின. கூடவே முகத்தில் புழுக்கம்.

"போர்வை" என்றாள் அம்மா.

"அதேதான். வருஷா வருஷம் ஒரு போர்வை கூடப் போடுறோம்" என்றாள் மாணவி.

அன்றைக்கு ஐந்து சைகை பிறந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. அம்மாதான் கறாரான நீதிபதி. ரொட்டிக்கடைக்காரர் 'ஆற்றல்' என்பதற்கு மாவு பிசைவதுபோல ஒன்று காட்டியபோது, "இது உங்க கடைக்கு விளம்பரம்" என்று தள்ளிவிட்டாள். காற்றாலைக்கு அப்பா மூன்று விரலைச் சுழற்றியது எல்லோருக்கும் பிடித்துப்போய், தெருவில் பார்த்துக்கொண்டால் வணக்கத்துக்குப் பதில் அதையே காட்ட ஆரம்பித்தார்கள். சைகைகளை மாணவி கைபேசியில் படமெடுத்துச் சேர்த்துவைத்தாள். ஒரு வருடத்தில் நூற்றுப் பதினெட்டு ஆயிற்று.

சொல் புரிய ஆரம்பித்ததும் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். அப்பா, அம்மா, ரொட்டிக்கடைக்காரர், அவர் மூலம் ஒரு தச்சர், அவர் மனைவி. அரங்கின் மூன்றாவது வரிசை, இடது ஓரம், அவர்கள் இடம். அங்கிருந்துதான் விளக்கின் கீழ் நிற்கும் கைகள் நேராகத் தெரியும். மற்றவர்கள் கைதட்டும்போது அந்த வரிசையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கைகள் மேலே எழுந்து விரல்களை அசைக்கும். நாளடைவில் பேராசிரியையும் அப்படியே கை அசைக்கக் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் வருட மழைக்காலத்தில் அந்தப் புதன்கிழமை வந்தது.

அன்று பேச்சு, மழை பெய்யும் விதம் மாறிவருவதைப் பற்றி. அச்சகத்தில் வேலை அதிகம் என்று அப்பா வரவில்லை. சீருடைகளை மறுநாள் கொடுக்க வேண்டியிருந்ததால் அம்மாவும் வரவில்லை. கைகாரி கைபேசியை அணைத்துவிட்டு விளக்கின் கீழ் நின்றாள். ஒரே நாளில் ஒரு மாத மழை கொட்டுவது இனி அடிக்கடி நடக்கும் என்று பேச்சாளர் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் கையில் சொன்னாள்.

அதே நேரத்தில் பெற்றோர் வீட்டுத் தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் கரையை மீறியது. தெருமுனைக் கம்பத்தில் இருந்த அபாயச் சைரன் ஊதியது. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன, ஆட்கள் ஓடினார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். மிதியில் வைத்திருந்த கால் நனைந்தபோதுதான் குனிந்து பார்த்தாள். கதவைத் திறப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஜன்னல் கம்பி, வேலி, மின்கம்பம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து பேருந்து நிறுத்தத்து மேடையில் ஏறி நின்றாள். ஐந்தரை மணிக்குக் கைபேசியைப் போட்டதும் வெள்ளச் செய்தியைப் பார்த்த கைகாரி அடித்துப் பிடித்து ஓடிப்போய்ப் பார்த்தபோது, அம்மா அங்கே நனைந்த சீருடை மூட்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டதும் ஓடியது. அம்மா அதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. கைகாரியும் பேசவில்லை. ஆனால் மேடையில் நிற்கும்போதெல்லாம், 'வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ' என்று ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, நகரத்தின் பேரிடர் பிரிவு அதிகாரி ஒருவர் பேச வந்தார். வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் ஊரை எப்படித் தயார் செய்திருக்கிறோம் என்பது தலைப்பு. நல்ல பேச்சு. வரைபடம் காட்டினார், மழைமானிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினார். கடைசியில் பெருமையாகச் சொன்னார்: "நாற்பது இடங்களில் சைரன் வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கி வண்டிகள் இருக்கின்றன. இனி ஆபத்து வந்தால் ஒருவர் காதுக்குக்கூடச் செய்தி எட்டாமல் போகாது."

கைகாரி அதையும் அப்படியே கையில் சொன்னாள். சொல்லும்போதே மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"நேரமாகிவிட்டது, கேள்விகளை அடுத்த முறை..." என்று ஆரம்பித்த பேராசிரியை, நிற்பவர் யார் என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஒரு கேள்வி கேட்டுடலாம்" என்றார்.

அம்மாவின் கைகள் பேசின. இப்போது கைகாரி வாயால் பேச வேண்டும். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, உங்க சைரன் எங்க தெருமுனையில இருக்கு. எனக்கு அது வெறும் இரும்புக் கம்பம். போன மழையில அது ஊதினப்போ நான் உள்ளே தைச்சுக்கிட்டு இருந்தேன். தண்ணி வந்து காலைத் தொட்டுத்தான் எனக்குச் சேதி சொல்லிச்சு."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "வருத்தமாக இருக்கிறது. இப்படிப்பட்ட நேரங்களில் அக்கம்பக்கத்தார் உதவ வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்."

அம்மா முகத்தில் கோபம் இல்லை. கைகள் மட்டும் வேகமாயின.

"பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அன்னைக்கு அவர் தன் ரெண்டு குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினார். அது சரிதான், நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். யாருக்காவது என் ஞாபகம் வந்தாத்தான் நான் உயிரோட இருக்கலாம்னா, அது திட்டம் இல்ல ஐயா."

அடுத்ததை அம்மா ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னாள். அது கைகாரியைப் பற்றியது. விதி விதிதான். அம்மா 'என் மகள்' என்றால் அவளும் 'என் மகள்' என்றே சொல்ல வேண்டும். குறைத்துவிடலாம், அரங்கில் காது கேட்கிற யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மாவின் கண் அவள் உதட்டின் மேலேயே இருந்தது.

"எனக்கு ஒரு மக இருக்கா" என்றாள் கைகாரி மைக்கில். குரல் கொஞ்சம் உடைந்தது, நிமிர்த்திக்கொண்டாள். "எனக்குக் காது அவதான். அன்னைக்கு அவ இதே மேடையில, மழை எப்படி மாறுதுன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக்கிட்டு நின்னா. அது அவ வேலை. அவ செஞ்சது தப்புன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கா. அதை நான் வீட்டுல சொன்னா அவ காதுல வாங்க மாட்டா. அதான் இங்க சொல்றேன். தப்பு அவ மேல இல்ல. கம்பத்து மேல."

சொல்லி முடித்துவிட்டு மைக்கை மேசையில் வைத்தாள். மூன்றாவது வரிசையில் கைகள் எழுந்து அசைந்தன. அதற்குப் பின்னால் நான்காவது வரிசை, பத்தாவது வரிசை, பால்கனி என்று அரங்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. பேராசிரியையின் தூக்கிய கையில் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடியது.

அதிகாரி, "கண்டிப்பாகப் பரிசீலிக்கிறோம்" என்றார். பரிசீலனைக்கு அப்பாவிடம் ஒரு சைகை உண்டு. காகிதத்தைச் சுருட்டித் தோளுக்குப் பின்னால் எறிவது. அவர் அதைக் காட்டியதும் வரிசை முழுவதும் சிரிப்பில் குலுங்கியது.

ஆனால் இந்தத் தடவை அப்பா கணக்குத் தப்பிவிட்டது. மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, கூட்டம் ஆரம்பிப்பதற்கு அரை மணி முன்பே அதிகாரி வந்து மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு. "அன்னைக்கு நான் சொன்ன பதில் எனக்கே சரியாப் படலைம்மா. என்ன செய்யலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். மாணவி அதைத் தன் இறுதியாண்டு ஆய்வாகவே எடுத்துக்கொண்டாள்.

முதல் முயற்சி சொதப்பல். சைரன் கம்பத்திலேயே ஒரு சிவப்பு விளக்கு வைத்தார்கள். சோதனை நாளன்று அது சுற்றிச் சுற்றி எரிந்தது. அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலர் தைத்தாள். அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தார்.

"விளக்கு எரியுதான்னு நாள் பூரா ஜன்னல்லயே நிக்கணும்னா அதுக்குச் சம்பளம் கொடுங்க" என்றாள் அம்மா.

வழி சொன்னது கைகாரியின் கணவர். சாப்பிட்டுக்கொண்டே, "அத்தை எங்க திரும்பி உட்கார்ந்தாலும் தலைக்கு மேல பல்பு இருக்குல்ல? வீட்டுல இருக்கிற எல்லா பல்பும் ஒண்ணா சிமிட்டினா?" என்றார். சைரன் ஊதியதும் ரேடியோ அலையில் ஒரு குறிப்பு போக வேண்டும், வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி அதைப் பிடித்து எல்லா விளக்கையும் சிமிட்ட வேண்டும். மாணவி பெட்டியைச் செய்தாள், அவர் வயர் இழுத்தார். தூங்குபவர்களுக்காகக் கட்டிலில் பொருத்த ஓர் அதிரும் தட்டும் சேர்த்தார்கள். மின்சாரம் போனாலும் அந்தத் தட்டும், பெட்டியின் மேல் இருக்கும் விளக்கும் வேலை செய்ய உள்ளே பேட்டரி. கட்டில் தட்டை முதலில் சோதித்தவர் அப்பா. எழுந்து உட்கார்ந்து, "அச்சகத்துல வேலைக்கு லேட்டாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

அடுத்த ஒத்திகை ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு. காது கேட்காதவர்கள் இருக்கும் முப்பத்தேழு வீடுகளில் பெட்டி வைத்திருந்தார்கள். அதிகாரி தெருவில் ஸ்டாப்வாட்சோடு நின்றார். கைகாரியும் பேராசிரியையும் பக்கத்தில். சைரன் ஊதியது. ஐம்பதாவது வினாடியில் அம்மா வாசலுக்கு வந்தாள், தோளில் மருந்தும் காகிதங்களும் வைத்த பையோடு. அப்பா பின்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று வீடு தள்ளித் தச்சரும் மனைவியும் வந்தார்கள்.

மற்ற வீடுகள் ஒன்றும் திறக்கவில்லை. சைரன் ஊதிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. அம்மா இடமும் வலமும் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். அவர் வெளியே வந்து, "சும்மா டெஸ்ட்டுன்னு நினைச்சோங்க" என்று தலையைச் சொறிந்தார். அம்மா கால்வாயைக் காட்டினாள், பேருந்து நிறுத்தத்தைக் காட்டினாள், அடுத்த கதவுக்குப் போனாள். பத்து நிமிடத்தில் அந்த வரிசை முழுவதையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள்.

"சைரன் கேக்குறவங்களுக்குத்தான் கேக்கலை போலிருக்கு" என்றார் அதிகாரி. கைகாரி அதை அம்மாவுக்கு அப்படியே சொன்னாள்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் கால்வாய் இரண்டு முறை பொங்கியது. இரண்டு முறையும் தண்ணீர் வருமுன் தெரு காலியாகியிருந்தது. கதவு தட்டும் பொறுப்பை இப்போது ஐந்து வீட்டுக்கு ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் வீட்டுக்கு வீடியோ கால் போடக்கூடாது, லைனைப் பிடித்துவைக்கக்கூடாது என்று தெரிந்தும், கைகாரி முதல் முறை அரங்கிலிருந்து வெளியே வந்ததும் கைபேசியைத்தான் எடுத்தாள். அதற்குள் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ரொட்டிக்கடைக்காரர் எல்லோருக்கும் பன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சைகைகளின் தொகுப்பு இப்போது வேறு மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறது. ஒரு இடத்திலிருந்து, எங்கள் ஊரில் 'மாவு பிசைவது'தான் ஆற்றலுக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். கைகாரி வாரம் இரண்டு நாள் புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள்.

போன மாதம் புதன்கிழமைச் சொற்பொழிவில் பேசியது அந்த மாணவி. பட்டம் வாங்கி, பேரிடர் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவள். விளக்கு மேடையின் நடுவுக்கு நகர்ந்தது. கைகாரி முன் வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து அவள் கைகளுக்குக் குரல் கொடுத்தாள். முக்கால் மணி நேரம். முடிந்ததும் பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்: "வெள்ளம் வடிய மூணு நாள் ஆச்சுன்னா, மின்சாரமும் இல்லன்னா, அந்தப் பெட்டி தாங்குமா?"

கைகாரி திரும்பி உட்கார்ந்து கேள்வியைக் கையில் சொன்னாள். மாணவி கையால் பதில் சொன்னாள், கைகாரி அதை மைக்கில் சொன்னாள்.

"ரெண்டு நாள் தாங்குது. மூணாவது நாள் தாங்கல. அதைத்தான் இப்ப பார்த்துக்கிட்டு இருக்கோம். நீங்க எந்தத் தொழில் செய்றீங்க?"

"பேட்டரி கடை வெச்சிருக்கேன்" என்றார் அவர்.

"அப்ப போயிடாதீங்க" என்றாள் கைகாரி மைக்கில், மாணவியின் குரலாக. "கூட்டம் முடிஞ்சதும் கொஞ்சம் பேசணும்."